செயின் பார்க்க ஓர் ஆள்

திண்டிவனத்துக்கு மாற்றலாகி வந்த பிறகு வாங்கிய என் முதல் பைக். இருவர் தாராளமாக உட்காரலாம் என்று நீள சீட் பார்த்து வாங்கியது.

இன்று செயினை நானே டைட் செய்ய இறங்கினேன். வீடியோவில், "ஒருத்தர வண்டி மேல உக்கார வெச்சிட்டு செயின் தொய்வப் பாருங்க" என்றார்கள்.

அப்படிக் கூப்பிட எனக்கு இந்த ஊரில் ஒருவரும் இல்லை. வீட்டுக்கார அக்காவின் மல்லாட்டை (இங்கே வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்) மூட்டையைத் தூக்கி சீட்டில் வைத்துக் கட்டினேன்.

"இன்னா தம்பி, மூட்டைய ஏத்திக்கினு எங்க கெளம்பிட்ட?"

"எங்கயும் இல்லக்கா. செயின் பாக்குறேன்."

"அதுக்கு ஃப்ரெண்டு யாரையாவது கூப்ட வேண்டியதுதான?"

செயின் சரியாகிவிட்டது. மூட்டையோடே மேம்பாலம் வரை ஓட்டிப் பார்த்தேன். பிரேக் போடும்போதெல்லாம் முதுகில் சாய்ந்துகொண்டது.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் சொல்லுங்கள், மூட்டையை இறக்கிவிடுகிறேன்.