குறிப்புக் கட்டத்தில் ஒச்சப்பன்

மட்டாஞ்சேரி பஜாரில் மூட்டைச் சுமடு எடுத்த ஒச்சப்பனாரிடம் அடி வாங்கியவர்களை வரிசையாக நிறுத்தினால், வரிசை சுக்குக் கிடங்கில் தொடங்கிப் படகுத்துறையைத் தொடும். அதற்காக அவரை அநியாயக்காரர் என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வோர் அடிக்கும் அவரிடம் காரணம் இருந்தது. சில அடிகளுக்கு மட்டும் காரணம் பிறகு கிடைத்தது.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து 1961-இல் வந்தவர் அவர். முதலில் ஒரு கால்வாய்க் கரையில் குடிசை போட்டார். ஒருநாள் ஒருவர் சிவப்புப் பெயிண்டோடு வந்து கதவில் ஓர் எண் எழுதிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் பத்துப் பேர் கடப்பாரையோடு வந்து குடிசையைப் பிரித்துத் தண்ணீரில் போட்டார்கள். ஒச்சப்பனார் படிக்காதவர், ஆனால் பாடம் மறக்காதவர். கதவில் எண் விழுந்தால் மூன்றாம் நாள் கடப்பாரை வரும் என்பதை அன்றோடு மனதில் எழுதிக்கொண்டார்.

பிறகு ஒரு சுக்கு வியாபாரி அவரைத் தன் கிடங்கின் பின்முற்றத்தில் காவலுக்குக் குடிவைத்தார். ஓலைக் குடிசை, ஒற்றைக் கதவு, மனைவி மூக்கம்மாள். முதல் வருஷத்திலேயே மூன்று திருடர்களுக்கு ஐந்து கைகள் உடைந்தன. ஆறாவது கையின் சொந்தக்காரர் கும்பிட்டுக் கேட்டதால் அது மட்டும் தப்பியது. அதன்பின் அந்தக் கிடங்குக்குள் எலிகூட யோசித்துத்தான் நுழைந்தது.

1968-இல் நகரசபைக் குமாஸ்தா ஒருவர் தார் டப்பாவும் பிரஷும் பெரிய பதிவேடுமாக அந்தக் குடிசைக்கு வந்தார். வீடுகளுக்கு எண் போட்டு வரிப் பதிவேட்டில் ஏற்றுவது அவர் வேலை. ஒச்சப்பனார் கப்பைக்கிழங்கும் மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிரஷ் கதவைத் தொடுவதற்குள் எழுந்து வந்தார். தார் டப்பா குமாஸ்தாவின் தலையில் கவிழ்ந்தது, எச்சில் கை அவர் வாயில் இறங்கியது, குமாஸ்தா சாக்கடையில் இறங்கினார். கையைக் கழுவிவிட்டு ஒச்சப்பனார் மிச்சக் கப்பையைச் சாப்பிட்டார். அடுத்த மாதம் வேறொருவர் பியூனைத் துணைக்கு அழைத்து வந்தார். சாக்கடையில் இரண்டு பேருக்கும் இடமிருந்தது. மூன்றாம் மாதம் யாரும் வரவில்லை.

வழக்கு போட்டார்கள், வாரண்டும் பிறந்தது. அதைக் கொண்டுவந்த போலீஸ்காரர் வீட்டைத் தேடினார். எண் இல்லாத வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? வெளியே பீடி பிடித்துக்கொண்டிருந்த ஓர் ஆளிடம் ஒச்சப்பனைத் தெரியுமா என்று விசாரித்தார். ஊருக்குப் போய்விட்டான் என்று ஒச்சப்பனார் வருத்தத்தோடு சொன்னார். ஆள் கிடைக்கவில்லை என்று எழுதிக்கொண்டு போலீஸ்காரர் போனார்.

பதினொரு வருஷம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. 1979-இல் சுக்கு வியாபாரி இறந்துபோக, அவர் மகன் வெங்கிட்டு என்பவரை மேனேஜராக வைத்தான். பின்முற்றத்தில் லாரி வரவேண்டும் என்பது வெங்கிட்டுவின் ஆசை. ஒரு திங்கட்கிழமை காலை நாலு பேர் கடப்பாரையோடு வந்தார்கள். ஒச்சப்பனாருக்கு ஒரே குழப்பம், கதவில் எண்ணே போடவில்லையே? அந்தக் குழப்பத்திலும் சாக்குக் கொக்கியால் ஒருவன் தோளைக் கிழித்தார். இன்னொருவன் காதில் பாதி அவர் பல்லில் தங்கியது. மூக்கம்மாளின் உலக்கை மூன்றாமவன் முழங்காலைப் பார்த்துக்கொண்டது. நாலாமவன் மட்டும் தொழில் தெரிந்தவன். கடப்பாரையின் பின்புறத்தால் ஒச்சப்பனாரின் மண்டையில் ஒன்று போட்டுவிட்டு ஓடினான். ஏழு தையல்.

அடியில் தோற்ற வெங்கிட்டு சட்டத்துக்குப் போனார். இவன் போன வருஷம் அத்துமீறிக் குடியேறியவன் என்று வக்கீலை வைத்து எழுதினார். நிலச் சட்டப்படி, 1970 ஜனவரிக்கு முன்பே அங்கே குடியிருந்தான் என்று காட்டினால் குடிசையும் மூன்று சென்ட் நிலமும் ஒச்சப்பனாருக்கு. காட்டாவிட்டால் தெரு. வாயால் சொன்னால் போதாது, கடுதாசி வேண்டும் என்று நில டிரைபியூனல் மூன்று வாரம் தவணை கொடுத்தது.

நகரசபை ஆபீஸ் வாசலில் ஒரு மரப்பெட்டியை மேசையாக்கி மனு எழுதிக்கொண்டிருந்தார் முகமது இஸ்மாயில். தமிழும் மலையாளமும் ஒரே வேகத்தில் எழுதுகிற ராவுத்தர். தேடி வந்த ஒச்சப்பனாரிடம் ரேஷன் கார்டு உண்டா என்று கேட்டார். ரேஷன் கடைக்காரரை இவர் அடித்த அன்று அந்தக் கடைக்காரர் அதைக் கிழித்துவிட்டாராம். வோட்டர் பட்டியலில் பேர் உண்டா? பேர் எழுத வந்தவர் கையிலும் பெயிண்ட் இருந்ததாம்.

இஸ்மாயில் பேனாவை மூடினார். "ஊர்ல இருந்து வந்தவன் எல்லாம் கடுதாசி சேர்த்தான் ஒச்சப்பா. நீ பல்லுதான் சேர்த்திருக்கே."

ஆனாலும் ஒரு வழி சொன்னார். அந்தத் தெருவின் 1968-ஆம் வருஷத்து வரிப் பதிவேட்டுக்கு நகல் கேட்டு ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட வேண்டும். நகல் கேட்பவர்கள் எண்ணையும் பேரையும் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கும். குமாஸ்தாக்கள் தங்கள் மனக்குறையையெல்லாம் அதில்தான் கொட்டி வைப்பார்கள். அதையும் சேர்த்துக் கேட்பதுதான் முப்பது வருஷ மனு எழுத்தில் இஸ்மாயில் கற்ற வித்தை.

உள்ளே போகுமுன் மூக்கம்மாள் புருஷனின் தலைத்துண்டை உருவி, அவர் கைகளைப் பின்னால் இழுத்துக் கட்டினாள். "ரெக்கார்டு வாங்கிட்டு வெளிய வா, அவுத்து விடறேன்" என்றாள். ஆபீசில் இருந்தவர்கள் யாரோ கைதியைக் கொண்டுவருகிறார்கள் என்று வழிவிட்டார்கள். நகல் கேட்கும் வரிசையில் ஒருவர் இவ்வளவு சீக்கிரம் முன்னால் போனது அந்த ஆபீசில் அதுவே முதல்முறை.

ரிக்கார்டு அறைப் பொறுப்பில் சிவராமகிருஷ்ணன் என்றொரு பெரியவர் இருந்தார். மனுவைப் படித்தார், தலையைத் தூக்கினார், சிரித்தார். முன்வாயில் இரண்டு பல் அகலத்துக்கு இடைவெளி. ஒச்சப்பனாருக்குத் தார் வாசனை வந்தது.

"நீதானா? உக்காரு. எந்தக் கைடா அது?"

"வலதுங்க சாரே."

"பின்னாடி கட்டிண்டு வந்திருக்கே. நல்லது. அந்த இடத்துல வீடே இல்லைன்னு எழுதித் தரட்டுமா?"

கட்டிய துண்டு முறுக்கேறி நெறிந்தது. மூக்கம்மாள் முதுகில் ஒரு குத்து விட்டாள். ஒச்சப்பனார் தரையைப் பார்த்தபடி, குறிப்புக் கட்டத்தையும் சேர்த்து நகல் வேணும் என்று இஸ்மாயில் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தார்.

சிவராமகிருஷ்ணனின் முகம் மாறிவிட்டது. எழுதி வைத்த நாளிலிருந்து பதினொரு வருஷமாக அந்தக் கட்டத்தை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர் அவர். ஏணி போடாமலே பதிவேட்டை எடுத்தார், பக்கம் தேடாமலே திறந்தார், ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். 412-ஆம் எண் சுக்குக் கிடங்குக்கும் 413-க்கும் இடையே ஓலைக் குடிசை ஒன்று உண்டு, ஒச்சப்பன் என்பவர் மனைவியோடு நாலு வருஷமாகக் குடியிருப்பதாக அக்கம்பக்கத்தார் சொன்னார்கள், எண் இட முயன்றபோது மேற்படியார் தாக்கியதில் பல் ஒன்று போனது, தார் வீண், எண் இடவில்லை. கீழே கையெழுத்து, 1968 நவம்பர் தேதி.

ஸ்டூலில் இருந்த பியூன் கைதட்டப் போய் அடக்கிக்கொண்டான்.

சிவராமகிருஷ்ணன் குரலைத் தாழ்த்தினார். "இதோட நகல் உனக்கு வீட்டைத் தரும். ஆனா வாரண்டு இன்னும் உயிரோட இருக்கு கேட்டியா. இது டிரைபியூனல்ல ஏறினா ஸ்டேஷனுக்கும் தெரியும். உள்ள போவே. யோசிச்சுக்கோ."

ஒச்சப்பனார் யோசித்தார். அவருக்கு அது பழக்கமில்லாத வேலை, தையல் போட்ட இடம் வலித்தது. மூக்கம்மாளைப் பார்த்தார்.

"எழுதுங்க சாரே," என்றார். "ஒண்ணு மட்டும் தப்பா இருக்கு. பல்லு ரெண்டு."

"ரெண்டாவது ஒரு வாரம் கழிச்சு ஆடி விழுந்தது," என்றார் சிவராமகிருஷ்ணன். சொல்லிக்கொண்டே நகலை எழுத ஆரம்பித்தார்.

தவணை நாளில் வெங்கிட்டுவின் வக்கீல் அந்த இடத்தில் குடிசையே கிடையாது என்று அரைமணி நேரம் பேசினார். நகலை வாசித்தார்கள். சாட்சிக்கு வந்த சிவராமகிருஷ்ணன் சத்தியம் செய்துவிட்டு வாயைத் திறந்து காட்டினார். இல்லாத குடிசையில் இல்லாத ஆள் அடித்து இந்தப் பல் போயிற்றா என்று அதிகாரி கேட்டபோது வக்கீல் உட்கார்ந்துவிட்டார். மூன்று சென்ட் ஒச்சப்பனாருக்குத் தீர்ப்பாயிற்று. வாசலில் காத்திருந்த போலீஸ்காரர், இந்தத் தடவை யாரிடமும் விசாரிக்காமல், அவர் தோளில் கை போட்டார்.

இரண்டு மாதம் தண்டனை. அவர் உள்ளே போன மறுநாள் பியூன் வந்து கதவில் 412-ஏ என்று தாரால் எழுதினான். எழுதி முடிக்கும்வரை மூக்கம்மாள் உலக்கையோடு பக்கத்தில் நின்றாள். மூன்றாம் நாளும் நின்றாள். கடப்பாரை வரவில்லை. ஜெயிலுக்குப் போய் அவரிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

ஆகவே ஜெயிலில் பேர் பதிகிறவர் இன்னொரு தடவை விவரம் கேட்ட அன்று, ஒச்சப்பனார் நிமிர்ந்து நின்று, வீட்டு எண் நானூற்றிப் பன்னிரண்டு ஏ என்று ஆரம்பித்துத் தெரு, பஜார், ஊர் என நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். பின்னால் நின்ற ஒரு பிக்பாக்கெட், சட்டுன்னு சொல்லு சேட்டா, பெரிய பங்களா பார் என்று முனகினான்.

அந்த அடியும் பதிவேட்டில் ஏறியது. பல் ஒன்று. அடித்தவர் விலாசம் முழுசாக இருந்தது.