எஞ்சின் மேல் போட்ட பழி

சின்ன விமானங்கள் எப்படியெல்லாம் விழும் என்பது, என் முதல் குழந்தைக்குப் பல் முளைக்கும் முன்பே எனக்கு அத்துப்படியாகிவிட்டது. நான் விமானத்தைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. என் கொழுந்தனார் மதராஸில் ஒரு ஃப்ளையிங் கிளப்பில் அரசாங்க மானியத்தில் பைலட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தார். எழுபதுகளின் நடுப்பகுதி அது. என் கணவருக்குக் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் வேலை. ஸ்டேஷனுக்கு மேற்கே வாடகை வீடு. கொழுந்தனாருக்குப் பரீட்சை எழுதும் அளவுக்கு இங்கிலீஷ் தெரியும், புரியும் அளவுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் பி.யு.சி. படித்தவள் நான் ஒருத்திதான். ஆகவே அவருக்குப் பாடம் வாசித்து அர்த்தம் சொல்வது, சட்டினி அரைப்பதைப் போல என் வேலைகளில் ஒன்றானது.

கிளப்பில் பழைய விபத்து அறிக்கைகளை சைக்ளோஸ்டைல் எடுத்து மாணவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். மடியில் குழந்தை, கையில் விபத்து என்று உட்கார்ந்து வாசிப்பேன். ஒருவர் பெட்ரோல் முள்ளை நம்பிக் கிளம்பியிருக்கிறார்; டாங்கியில் குச்சி விட்டு அளந்து பார்க்கவில்லை. இன்னொருவர் டாங்கியின் அடியில் தேங்கிய தண்ணீரை வடிக்கவில்லை. மூன்றாமவர் சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் முன்விசிறியைக் கையால் சுழற்றி எஞ்சினைக் கிளப்பியிருக்கிறார். விமானம் அவரை விட்டுவிட்டுத் தனியாகப் போய் வேலியில் முட்டிக்கொண்டது. ஒன்றிரண்டில் எஞ்சின் மேல் பழி போட்டிருந்தார்கள்; வானம் யாரையும் கீழே தள்ளியதாக ஒரு பக்கத்திலும் இல்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அடுத்த வீட்டில் பேசப் போகிற எங்கள் தெரு ஆட்கள் மாதிரிதான் எல்லாரும். வானத்தில் செய்தால் அதற்கு அறிக்கை போடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

சில பக்கங்களில் ஒரே மாதிரி ஒரு வரி இருந்தது: விழுந்த இடத்துக்கு அருகில் விமானியின் உறவினர் வீடு இருந்தது. எனக்குப் புரியவில்லை. கொழுந்தனார்தான் விளக்கினார். உள்ளங்கையை இறக்கை மாதிரி நீட்டிக் காட்டினார். தெரிந்தவர் வீட்டு மேலே தாழ்வாக வருவார்களாம். கீழே நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டே வேகத்தைக் குறைத்து, இறுக்கமாகத் திருப்புவார்களாம். மூக்கு மேலே தூக்கும், இறக்கைக்குக் காற்றின் பிடி விட்டுப்போகும். உயரத்தில் என்றால் கொஞ்சம் விழுந்து சமாளிக்கலாம். தாழ்வில் விழுவதற்கு இடமில்லை, தரைதான் இருக்கிறது.

"அப்ப எதுக்குத் தம்பி அங்க போய்ச் சுத்துறாங்க?" என்று கேட்டேன்.

"சும்மா பந்தாதான் அண்ணி. ஓட்டத் தெரியாதவனுங்க."

இவ்வளவு தெளிவாக எந்த வாத்தியாரும் விளக்கியிருக்க மாட்டார். பாடம் வேறு, பாடம் படித்தவர் வேறு என்று எனக்கு அப்போது தெரியாது.

அந்த மாதமே ஆரம்பாக்கத்தில் ஒரு பெண் அமைந்தது. பெண்ணின் அப்பாவுக்கு அரிசி மில். பைலட் மாப்பிள்ளை என்றதும் அவருக்கு ஆசை, கூடவே சந்தேகம். எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்தபடியே என் மாமியாரிடம் சொன்னார்:

"ஏரோப்ளேன் ஓட்டுறாருன்றீங்க. போன தபா வந்தவன் ரயில்வேன்னான். போய்ப் பாத்தா ப்ளாட்பாரத்துல வட வித்துகினு கீறான். நா கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்."

"அதுக்கின்னா, உங்க ஊட்டு மேலயே வரச் சொல்றேன். மாடியில நின்னுகினு நல்லாப் பாத்துக்குங்க" என்றார் மாமியார், பால்காரனைக் காலையில் அனுப்பி வைக்கிறேன் என்பது போல.

அவர் போனதும் நான் கொழுந்தனாரிடம் சொன்னேன்: "தம்பி, வேணாம். நீங்கதானே அன்னைக்குச் சொன்னீங்க?"

"ஞாயித்துக்கெழம எனக்கு சோலோ அண்ணி. தனியா ரயில் ரோட்டப் புடிச்சிகினே வடக்கால போயித் திரும்பணும். ஆரம்பாக்கம் வழியிலயே கீது. கொஞ்சம் எறங்கி ஒரு சுத்து. இதுல இன்னா பேஜாரு?"

"எவ்வளவு எறங்கி?"

"பொண்ணுக்கு என் மூஞ்சி தெரியற அளவுக்கு" என்று சிரித்தார்.

"நல்ல காரியம் நடக்கறச்ச வாய வெக்காதம்மா" என்றார் மாமியார். "படிச்சிட்டா எல்லாம் விழுந்துடுமா?"

என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்றார். அதோடு வீட்டில் கலந்தாலோசனை முடிந்தது.

கிளப்புக்கு ஒரு கடிதம் எழுதினேன். கொழுந்தனைக் காட்டிக்கொடுக்கிற மருமகள் என்று பெயர் வருமே என்று கிழித்தேன். மறுபடி எழுதினேன். பெயர் போடாமல் அனுப்பலாமா என்று யோசித்தேன். அதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. யோசிப்பதில் எனக்கு நிகர் யாரும் இல்லை.

மேலேயிருந்து பார்த்தால் எல்லா வீடும் ஒன்றுபோல இருக்கும் என்று கொழுந்தனார் சொல்லியிருந்தார். அடையாளத்துக்குச் சிவப்புத் துணி வேண்டும். மாமியார் என் பெட்டியைத் திறந்து கூறைப் புடவையை எடுத்தார். "இதான் நல்லா செவப்பா கீது." நானே அதை மடித்துப் பையில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆரம்பாக்கத்து மில் மாடியில் நாலு பெண்கள் நாலு மூலையைப் பிடித்தோம். நாலாவது மூலை என் கையில். குழந்தையைக் கல்யாணப் பெண் வாங்கிக்கொண்டாள். அறுப்பு முடிந்த காலம். சுற்றிலும் வயல் மொட்டையாகக் கிடந்தது. தெருவே மாடிக்கு வந்திருந்தது. மில்காரர் எல்லாருக்கும் சோடா வரவழைத்திருந்தார்.

விமானம் தெற்கிலிருந்து ரயில் பாதையோடு வந்தது. சிவப்பைக் கண்டதும் இறங்கியது. எங்கள் தலைக்கு மேலே இறக்கையை ஆட்டிவிட்டுப் போனது. எனக்கே ஒரு கணம் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அதோடு போயிருக்கலாம். ஆனால் மில்காரர் தோள் துண்டை எடுத்துச் சுழற்றினார். "மூஞ்சி தெரியல மாப்ள! இன்னொரு தபா!" மேலே இருப்பவருக்கு அது எப்படிக் கேட்கும்? ஆனால் துண்டு தெரிந்திருக்க வேண்டும். விமானம் திரும்பியது.

முதல் முறையைவிடத் தாழ்வாக வந்தது. மாடியைச் சுற்றித் திரும்பத் தொடங்கியது. ஜன்னலில் கொழுந்தனாரின் முகம் தெரிந்தது. பார்வை முன்னால் இல்லை, எங்கள் மேல் இருந்தது. மூக்கு மெல்ல மேலே தூக்கியது. அடுத்து என்ன நடக்கும் என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவள் நான் ஒருத்தி.

"துண்டைக் கீழ போடுங்க! எல்லாரும் உக்காருங்க!" என்று கத்தினேன். மாமியார் முன்னால் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் முறை. யாரும் உட்காரவில்லை. இரண்டு பேர் எனக்கும் சேர்த்துக் கையாட்டினார்கள்.

எஞ்சின் முழுச் சத்தத்தோடு அலறியது. ஆனால் விமானம் ஈரத் துணி போலத் தொய்ந்து இறங்கியது. இடது இறக்கை சரிந்தது. மில் களத்தைத் தாண்டி, வயலில் சக்கரம் பட்டு, வரப்பில் தட்டி, மூக்கை மண்ணில் குத்திக்கொண்டு வால் மேலே நின்றது. கொழுந்தனார் தானாகவே கீழே இறங்கி நடந்து வந்தார். முகவாய் கிழிந்து ரத்தம், தோள்பட்டை எலும்பு முறிவு. உயிர் இருந்தது. மில்காரர் மூச்சிரைக்க ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஓட்டுறாருப்பா, மெய்தான். எறக்கத்தான் தெரியல."

விசாரணைக்கு அதிகாரி வரப்போகிறார் என்று தகவல் வந்தது. எங்கள் சமையலறையில் வாக்குமூலம் தயாரானது. எழுதுகிற கை என்னுடையது. கொழுந்தனார் கட்டுப்போட்ட கையோடு முக்காலியில் உட்கார்ந்து சொன்னார்: "எஞ்சின் சக்தி இழந்ததுன்னு போடுங்க அண்ணி."

"ஜனங்கள காப்பாத்தணும்னு வயலுல எறக்கினான்னும் போடு" என்றார் மாமியார். "எம்புள்ளைக்கு நல்ல மனசு. அதையும் போடு."

நல்ல மனசை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் திருத்தமான இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து அழகாகக்கூட வந்திருந்தது. நாங்கள் வாசித்த அந்தப் பழைய அறிக்கைகளில் எஞ்சின் மேல் போட்ட பழிகளில் எத்தனை இப்படி யாராவது ஒரு வீட்டுச் சமையலறையில் மருமகள் எழுதிக் கொடுத்தவையோ.

அதிகாரி வடநாட்டுக்காரர். மில் களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மொழிபெயர்க்க வரவேண்டியவர் வரவில்லை. மில்காரரே என்னைக் கைகாட்டினார். நான் விமானியின் அண்ணன் மனைவி என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். "பரவாயில்லை, அவர்கள் சொல்வதை அப்படியே சொன்னால் போதும்" என்றார் அதிகாரி. அப்படியே சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அவர் அறியார், பாவம்.

அதிகாரி மில்காரரைக் கேட்டார்: எஞ்சின் சத்தம் எப்படி இருந்தது?

மில்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். மாப்பிள்ளைக்கு நற்சாட்சி கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார் போல. "சார், நா எஞ்சினோடவே பொழங்குறவன். எங்க மில்லு எஞ்சின் இருமினாக்கூட ஊட்ல படுத்துகினே சொல்லிடுவேன். இவுரு எஞ்சின் கடைசி வரிக்கும் கணீருன்னு ஓடிச்சி. ஒரு கொற சொல்ல முடியாது. நான்தான் துண்டக் காட்டி இன்னொரு தபா வரச் சொன்னேன். மரியாதைக்கு வந்தாரு."

அதிகாரி என்னைப் பார்த்தார். மாமியார் பின்னால் இருமினார். கொழுந்தனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இருமலும் பார்வையும் சொன்ன பதில் என் வாயில் தயாராகவே இருந்தது: சத்தம் விட்டு விட்டுக் கேட்டது என்கிறார். ஒரே வரி. மில்காரருக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆட்சேபிக்க ஆள் இல்லை.

அப்போதுதான் எனக்கு அந்தக் கணக்குப் புரிந்தது. எஞ்சின்தான் குற்றவாளி என்றால், தோள் ஆறியதும் கொழுந்தனாருக்கு வேறு எஞ்சின் கொடுப்பார்கள். அடுத்த முறை எந்த ஊர் மாடி, யார் கையில் துண்டு, வயல் காலியாகக் கிடக்குமா, யார் சொல்ல முடியும்?

மில்காரர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். "மரியாதைக்கு" என்பதையும் சேர்த்து. அதிகாரி தன் முன்னால் இருந்த வாக்குமூலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சிவப்புத் துணி பிடித்ததாகச் சொல்கிறார்களே, யார்?" என்றார்.

"நானும்தான்" என்றேன். "இந்த வாக்குமூலத்தை எழுதியதும் நான்தான்."

அவர் புதுத் தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு நிறைய எழுதினார்.

கொழுந்தனாரின் பறக்கும் அனுமதி போயிற்று. கிளப்பும் கைவிட்டது. மில்காரர் ஆள் அனுப்பிச் சொன்னார்: பைலட் என்றுதான் பேசினோம், பைலட் இல்லை என்றால் யோசிக்கணும். துண்டு காட்டியவர் யோசிக்கிறாராம். பெண்ணை வேறு இடத்தில் கொடுத்தார்கள். மாமியார் பல மாதம் என்னிடம் நேரடியாகப் பேசவில்லை. குழந்தையிடம் சொல்வார், நான் கேட்டுக்கொள்ள வேண்டும். "உங்கம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியும்டா கண்ணு. குடும்பத்தக் கெடுக்கற அளவுக்குத் தெரியும்." என் கணவர் எப்போதும் போலப் பேப்பர் வாசித்தார்.

நான் செய்தது சரியா என்று யோசிக்காத நாள் இல்லை. அடிபட்டதில் புத்தி வந்து, அவர் ஒழுங்காக ஓட்டி, பெரிய விமானத்துக்கே போயிருக்கக்கூடும். அதைக் கெடுத்துவிட்டேனோ என்று காலையில் தோன்றும். சாயங்காலம் வேறு மாதிரி தோன்றும். கடிதத்தை அனுப்பியிருந்தால் எலும்பாவது தப்பியிருக்கும் என்பது மட்டும் எந்த நேரத்திலும் மாறாமல் தோன்றும்.

தோள் கூடியதும் கொழுந்தனாருக்கு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையிலேயே ஒரு ரசாயனக் கம்பெனி ஸ்டோரில் வேலை கிடைத்தது. முதல் நாள் வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவர், அத்தனை மாதம் கழித்து என்னிடம் பேசினார்.

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாம இருந்திருந்தா அண்ணி, இந்நேரம் நா லைசென்ஸ் வெச்சிகினு இருப்பேன்."

எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் இந்நேரம் உங்கள் படத்துக்குத்தான் பூ வைத்துக்கொண்டிருப்போம் என்று வாய் வரை வந்தது. "ரசம் ஊத்தட்டுமா தம்பி?" என்றேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டே தட்டை நீட்டினார்.