ஆடாமல் கழுவிய முகம்

கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

பெரியப்பா நாடகம் எழுதியவர், எழுதியதை ஆடியவர். மலாக்காவின் ரப்பர் தோட்டங்களில் திருவிழாவுக்குத் திருவிழா அவர் மேடை. பிறகு இந்த நாட்டில் எடுத்த ஆரம்பகாலக் கறுப்பு வெள்ளைத் தமிழ்ப்படம் ஒன்றுக்கு வசனம் எழுதி, அதிலேயே கங்காணியாகவும் நடித்தார். அந்தப் படத்தின் பிரதி எங்கே என்று கேட்டால், கேட்ட இடமெல்லாம் உதட்டைப் பிதுக்குகிறார்கள். அவர் மேடை போட்ட திடலில் இன்று புக்கிட் ரம்பாய்த் தொழிற்சாலையின் லாரிகள் நிற்கின்றன.

அன்று தோட்டத்தில் ஒரு சட்டம். துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும். இறங்காத ஒருவனை வைத்துப் பெரியப்பா நாடகம் எழுதினார். தமிழ் தெரியாத வெள்ளைக்காரத் துரை, முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாராம்.

போன வருடம் புக்கிட் காத்தில் ஊர் மண்டபத்தில், ஒரு ஞாயிறு காலை, அவருக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: சைக்கிள் காட்சியை இன்னொரு தடவை மேடையில் ஆட வேண்டும். எண்பதைத் தாண்டிய உடம்பு. இதுதான் கடைசி என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செங் வட்டாரத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் சைக்கிளைத் தேடிப் பிடித்தேன். விடிந்ததும் அரிதாரம் பூசி, காக்கி அரைக்கால் சட்டை போட்டு, மேடைக்குப் பின்னால் தயாராகிவிட்டார்.

மேடையில் பேச்சு. வந்தவர்களை வரவேற்று, வரவேற்றவருக்கு நன்றி சொல்லி, நன்றி சொன்னவருக்கு ஒரு பொன்னாடை. இங்கே அரிதாரம் வியர்வையில் கோடுகோடாக இறங்கியது.

ஏற்பாட்டாளர் ஓடிவந்தார். பின்னாலேயே பொன்னாடையோடு சட்டமன்ற உறுப்பினர், ஊர் வாயில் வைபி. கூடவே கேமரா.

“அங்கிள், வைபிக்கு இன்னொரு ஃபங்ஷன் இருக்கு. இங்கேயே போத்திடுவோம் லா.”

அரிதாரம் பூசிய முகத்தோடு மரியாதை வாங்குவதில்லை என்பது பெரியப்பா குழுவின் வழக்கம். ஆடி முடித்து, முகம் கழுவி, அப்புறம்தான் மாலை. இவர்களுக்குத் தெரியாது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பெரியப்பா, ஸ்டாண்டு போட்டிருந்த சைக்கிளில் மெல்ல ஏறி உட்கார்ந்தார்.

“இறங்குங்க அங்கிள். வைபி நிக்கிறாரு.”

“இறங்க மாட்டேன்னுதாம்பா எழுதியிருக்கேன்.”

“அங்கிள் நல்லா ஜோக் அடிக்கிறாரு” என்று வைபி சிரித்தார். பொன்னாடையை ஹேண்டில்பாரில் போட்டார். கேமரா மின்னியது. போய்விட்டார். அடுத்த நிமிடம் மேடையில், சாப்பாடு தயார் என்று அறிவித்தார்கள்.

“காட்சி என்ன ஆச்சு?” என்றேன். ஏற்பாட்டாளரின் சட்டையைப் பிடிக்காத குறை.

“டைம் ஓடிருச்சு. பிரியாணி ஆறிடும் லா. அடுத்த தடவை வச்சுக்கலாம்.”

அடுத்த தடவையாம்.

பிரியாணிக்குக் கை கழுவ நின்றவர்களுக்கு நடுவே பெரியப்பா முகம் கழுவினார். தண்ணீர் இளஞ்சிவப்பாக ஓடியது. ஆடாமல் அவர் கழுவிய முதல் முகம் அது. எனக்குப் பொறுக்கவில்லை.

“ஆடிட்டீங்களே பெரியப்பா. கடைசிவரைக்கும் இறங்கவே இல்லையே.”

துண்டால் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“இவன் எங்க பார்த்தான்? அந்தத் துரையாவது முடியிறவரைக்கும் உக்காந்திருந்தான்.”