திங்கட்கிழமைப் பிழையும் தவநேசன் அண்ணையும்

அச்சுவேலிச் சந்தைக்குப் பக்கத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஒருவர் அன்று காலை தொலைபேசியில் அழைத்தார். பில் அச்சாகவில்லை, திரையில் ஏதோ ஆங்கிலத்தில் எழுதி நிற்கிறது என்றார். அதை வாசித்துக் காட்டச் சொன்னேன். எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டு வந்தவர் நடுவில் நிறுத்திவிட்டார். கடைக்குள் யாரோ வந்து அவருடன் கதைப்பது கேட்டது. மறுபடி பேசியபோது அவருடைய குரல் மாறியிருந்தது.

"தங்கச்சி, பில்லைப் பிறகு பாப்பம். தவநேசன் அண்ணை மோசம் போயிட்டாராம். விடியக்காலமை நெஞ்சு நோகுதெண்டு சொன்னவராம். உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே?"

அண்ணை இறந்துபோனதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. முதல் நாள் பின்னேரம் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு, நாளைக்கு ஒரு மருந்துக்கடையின் பிரச்சினையைப் பார்ப்போம் என்று சொல்லிப் போன மனிதர். அவர் சொன்ன அந்த நாளை அன்றுதான் விடிந்திருந்தது. பிறகு, என்ன செய்வதென்று தெரியாமல், அந்தக் கடைக்காரருடைய அச்சுப்பொறியைச் சரிசெய்து கொடுத்தேன். அண்ணை இருந்திருந்தாலும் அதைத்தான் முதலில் செய்திருப்பார்.

என் பெயர் வத்சலா. அச்சுவேலியில் ஒரு புடைவைக்கடைக்கு மேலே உள்ள அறையில் தவநேசன் அண்ணையுடன் பல வருடங்கள் வேலை செய்தேன். கடைகள், நெல் ஆலைகள், மருந்தகங்கள், ஆய்வுகூடங்கள் போன்றவற்றுக்கு விண்டோஸ் கணினியில் ஓடும் மென்பொருள்களை எழுதிக் கொடுப்பதும், அவை நின்றுபோனால் ஓடிப்போய்ப் பார்ப்பதும்தான் எங்கள் தொழில். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையன்று வெளியிடும் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி அவருடைய துணைவியார் சாரதா அக்கா என்னிடம் கேட்டார். நல்லதாக நாலு வார்த்தை எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் செத்தவீட்டில், பந்தலுக்குக் கீழே தேநீர் குடித்துக்கொண்டிருந்த இருவர், அண்ணை நல்ல மனுஷன்தான், ஆனால் அவருடைய புரோகிராமை நம்பேலாது என்று கதைத்ததை என் காதால் கேட்டேன். உடல் உள்ளே இருக்கிறது, இவர்களுக்கு இந்தக் கதை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று எனக்குத் தெரியும். அதை இங்கே சொல்லத்தான் போகிறேன். சம்பந்தப்பட்டவருடைய சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

அண்ணை பிறந்தது கரவெட்டியில். கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் வெளிநாடு போய்விட, இவர் மட்டும் கலியாணம் கட்டி அச்சுவேலிக்கு வந்தார். நான் கொழும்பில் ஒரு பெரிய நிறுவனத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவள். இணையத்தில் ஓடாததெல்லாம் ஒரு மென்பொருளா என்ற எண்ணம் எனக்கு அப்போது இருந்தது. முதல் வாரமே அதை அவரிடம் சொல்லியும்விட்டேன். அவர் கோபிக்கவில்லை. "மழைக்கு இன்டர்நெட் போகும் வத்சலா. சனம் போகாது, கடைக்கு வரும்" என்றார். அந்த மாரியில் அது உண்மையென்று கண்டேன். ஆனால் அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

எங்கள் அறையின் மூலையில் ஒரு பழைய கணினி இருந்தது. நினைவகம் குறைவு, திரை சிறியது, எழுந்து வரவே ஒரு பாடு படும். அதற்கு அண்ணை வைத்த பெயர் மாமி. எதைச் செய்தாலும் குறை சொல்லும் என்பதால் அந்தப் பெயர். நாங்கள் எழுதிய எதுவும் மாமியில் ஓடிக் காட்டாமல் வெளியே போகாது. "என்ரை மிசினிலை ஓடுது" என்ற வசனத்தை எங்கள் அறையில் யாரும் சொல்லக்கூடாது. கடைக்காரருடைய மேசையில் ஓடாததற்கு நம்முடைய மேசையில் ஓடுவது என்ன ஆறுதல் என்று கேட்பார்.

ஒருமுறை ஒரு நெல் ஆலையிலிருந்து முறைப்பாடு வந்தது. ஒரு மூட்டையை ஒருமுறை பதிந்தால் ஏழெட்டுத் தடவை பதிவாகிறதாம். போய்ப் பார்த்தால், சேமிக்கும் பொத்தானை அழுத்தியதும் திரை வெளுத்துப்போய்ச் சிறிது நேரம் செத்தது போல் நிற்கிறது. ஆலைக்காரர் அதை எழுப்புவதற்காகப் பொத்தானைப் போட்டு அடிஅடியென்று அடிக்கிறார். திரை உயிர் பெற்றதும் அவர் அடித்த அடியெல்லாம் பதிவாகிவிடுகிறது. பொறுமையில்லாத மனிதர் என்று நான் திரும்பி வரும் வழியில் சொன்னேன். அண்ணை மோட்டார் சைக்கிளை ஓட்டியபடியே தலையை ஆட்டி மறுத்தார்.

"தேத்தண்ணிக் கடையிலை தேத்தண்ணி ஊத்துறவரே காசும் வாங்கினால், அவர் ஊத்தி முடியுமட்டும் சனம் நிக்கத்தானே வேணும்? காசு மேசைக்கு நான் வேறை ஆள் போட்டிருக்கோணும்" என்றார்.

திரையைக் கவனிக்கும் வேலையையும் தரவைச் சேமிக்கும் வேலையையும் அன்றே இரண்டாகப் பிரித்தார். ஒருமுறை அழுத்திய பொத்தான், வேலை முடியும்வரை மறுபடி அழுத்தப்படாமலும் செய்தார்.

பிழைச் செய்திகளில் அவருக்கு இருந்த அக்கறையை வேறு எவரிடமும் நான் கண்டதில்லை. 'எதிர்பாராத தவறு நிகழ்ந்துவிட்டது' என்று நான் எழுதி வைத்ததை அழித்துவிட்டு, 'உங்கள் பதிவு பத்திரமாக இருக்கிறது. அச்சுப்பொறிதான் நின்றுவிட்டது. கடதாசி முடிந்துவிட்டதா என்று பாருங்கள்' என்று எழுதுவார். இவ்வளவு நீட்டுவானேன் என்று கேட்டேன். சனம் பிழைக்குப் பயப்படுவதில்லை, தாங்கள் எதையோ உடைத்துவிட்டோம் என்றுதான் பயப்படுகிறது என்றார்.

இனி அந்தத் திங்கட்கிழமைக் கதைக்கு வருகிறேன்.

தெல்லிப்பழைப் பக்கம் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு அண்ணை மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தார். முன் மேசையில் ஒரு பெண்பிள்ளை நோயாளரின் விபரங்களைப் பதிந்து, அச்சடித்த துண்டுச் சீட்டு ஒன்றைக் கையில் கொடுப்பார். அந்தப் பதிவு தானாகவே உள்ளறைக் கணினிக்குப் போகும். அங்கே பரிசோதனை நடக்கும். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு திங்கட்கிழமைகளில் மட்டும் சில பதிவுகள் உள்ளே போய்ச் சேராமல் விடத் தொடங்கின. இரத்தக் குழாய் உள்ளே இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. பத்து மணி போல் உள்ளேயிருந்து கேட்டதும் அந்தப் பிள்ளை பதறிப்போய் மறுபடி பதிவார். அந்தப் பதிவு உள்ளே போய்ச் சேர்ந்துவிடும். உரிமையாளரின் கண்ணில் படுவது பிந்திப் பதிந்த அந்த இரண்டாவது பதிவுதான். வேலையில் கவனமில்லை, பதியாமல் விட்டுவிட்டுப் பிறகு சமாளிக்கிறாள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். சீனி வருத்தக்காரர் ஒருவரின் பரிசோதனை முடிவு ஒரு நாள் பிந்திப் போனதும், அவருடைய மகன் வந்து சத்தம் போட்டதும், அந்தப் பிள்ளையை வேலையை விட்டு நிற்பாட்டுவது என்ற நிலைக்கு வந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் வீட்டில் உழைப்பவர் அவர் ஒருவர்தான்.

உரிமையாளர் அண்ணையைக் கூப்பிட்டுக் கேட்டதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். "ஒண்டில் உங்கடை புரோகிராமிலை பிழை, இல்லாட்டில் பிள்ளையிலை பிழை. ஆரிலை எண்டு எனக்குச் சொல்லுங்கோ."

பார்த்துச் சொல்வதாக அண்ணை சொன்னார். எங்கள் அறையில் எத்தனையோ விதமாக ஓட்டிப் பார்த்தோம். மாமியில்கூட ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. கடைசியில் அண்ணை தன் வழக்கமான வழிக்கு வந்தார். அடுத்த திங்கள் காலை நாங்கள் இருவரும் போய் அந்தப் பிள்ளையின் கதிரைக்குப் பின்னால் இருந்தோம். நாங்கள் இல்லையென்று நினைத்துக்கொண்டு வழமையாகச் செய்வதைச் செய்யும்படி அண்ணை சொன்னார்.

காலை எட்டு மணி தாண்டியிருக்கும். புதிதாகக் கலியாணம் கட்டிய ஒரு சோடி வந்தது. பெண்ணின் வயிற்றில் முதற் குழந்தை. கணவன் மேசையில் குனிந்து மெல்லிய குரலில் ஏதோ கேட்டார். மேசையில் இருந்த பிள்ளை எங்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, வேறு வழியில்லாமல், திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தைத் திறந்து நேரத்தை ஒன்பதுக்கு மேல் தள்ளினார். துண்டை அச்சடித்துக் கொடுத்தார். நேரத்தைத் திரும்பப் பழையபடி வைத்தார்.

திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வருகிறவர்கள் வருவதும் அதே நேரத்தில்தான். ராகு காலத்தில் வீட்டை விட்டு வெளிக்கிட்டு, ராகு காலத்தில் வந்து, ராகு காலத்தில் கையை நீட்டி இரத்தமும் கொடுப்பார்கள். ஆனால் வீட்டில் வைக்கப்போகும் துண்டில் மட்டும் அந்த நேரம் இருக்கக்கூடாது. எங்கள் சனத்தின் கணக்கு அப்படி. முன்பொருநாள் ஒரு பெண் துண்டில் இருந்த நேரத்தைப் பார்த்துக் கண் கலங்கி நின்றாராம். அன்று இந்தப் பிள்ளை இரக்கப்பட்டுச் செய்து கொடுத்தது வாய்வழியாகப் பரவிவிட்டது.

அண்ணைக்கு உடனே விளங்கிவிட்டது. உள்ளறைக் கணினி, தான் கடைசியாகக் கண்ட பதிவுக்குப் பிந்திய நேரம் உள்ளவற்றை மட்டும்தான் கேட்டு வாங்கும். ஒன்பது மணிப் பதிவு ஒன்றைக் கண்டுவிட்டால், அதற்குப் பிறகு எட்டேகாலுக்கு வருகிறவர்கள் எல்லாம் அதற்குப் பழைய ஆட்கள். அவர்களைத் திரும்பியும் பார்க்காது.

பிள்ளைக்கு முகம் வெளிறிவிட்டது. தான் செய்ததுக்கும் பதிவுகள் தொலைந்ததுக்கும் தொடுப்பு இருக்கிறது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அண்ணை அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தேநீர் குடித்தாச்சா என்று. பிறகு அங்கேயே இருந்து மென்பொருளைத் திருத்தினார். பதிவுகளை நேரத்தைக் கொண்டு தேடாமல் வரிசை எண்ணைக் கொண்டு தேடும்படி மாற்றினார். துண்டில் நேரம் அச்சாகாமல் திகதி மட்டும் வரும்படி செய்தார். அதன் பிறகு கடிகாரத்தைத் தொட வேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை.

உரிமையாளர் வந்து கேட்டார். அண்ணை எழுந்து நின்று, "புரோகிராமிலைதான் பிழை. நேரத்தைப் பாத்து எடுக்கிற மாதிரி நான் எழுதியிருக்கக் கூடாது. பிள்ளையிலை ஒரு குறையும் இல்லை" என்றார்.

அந்தப் பிள்ளையின் வேலை தப்பியது. அண்ணையினுடையது தப்பவில்லை. அடுத்த மாதமே உரிமையாளர் வேறு ஆட்களிடம் மென்பொருள் எடுத்துக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். சந்தித்த இடமெல்லாம், தவநேசனின் புரோகிராமுக்கு நேரம் காலமே தெரியாது என்று சிரித்துச் சிரித்துச் சொன்னார். கேட்டவர்களும் சிரித்தார்கள். எங்களிடம் வருவதாக இருந்த இரண்டு மருந்தகங்கள் வரவில்லை.

நான் அண்ணையுடன் சண்டை பிடித்தேன். கடிகாரத்தை மாற்றினார்கள் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் போதுமே என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் பொய் சொல்லேல்லை. துண்டிலை நேரம் போடச் சொல்லி ஆர் கேட்டது? நான்தான் போட்டனான். ஆரும் கடிகாரத்தை மாத்தலாம் எண்டு விட்டதும் நான்தான். அந்தப் பிள்ளை ஒரு சனத்தின்ரை மனம் நோகக்கூடாதெண்டு செய்தது. நான் யோசிக்காமல் செய்தனான். இப்ப சொல்லு, ஆரிலை பிழை?"

அவர் சொன்னதை நான் அன்று ஏற்கவில்லை. இன்றும் முழுதாக ஏற்கவில்லை. ஒரு மனிதர் தன் தொழிலில் வைத்திருக்கும் பெயர் லேசான விஷயமில்லை, அதைக் கேட்டவர்களுக்கெல்லாம் தூக்கிக் கொடுக்கக்கூடாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அவரைப் போல் ஒருவரோடு வேலை செய்யக் கிடைத்தது என் பாக்கியம். இதை அவர் இருக்கும்போது நான் சொல்லவில்லை.

எட்டாம் நாள் படைக்கும் எட்டுச் செலவு அன்று அந்தப் பெண்பிள்ளை வீட்டுக்கு வந்திருந்தார். இப்போதும் அதே நிலையத்தில்தான் இருக்கிறார். முன் மேசை முழுவதும் அவருடைய பொறுப்பு. சாரதா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு என்னைத் தேடிக் கிணற்றடிப் பக்கம் வந்தார். பந்தலுக்குள் நடந்த கதை அவருடைய காதிலும் விழுந்திருந்தது.

"அக்கா, மலருக்கு நீங்கள்தான் எழுதுறியளாம். அந்தத் திங்கட்கிழமைக் கதையை எழுதுங்கோ."

வேலைக்குப் பங்கம் வரும், யோசித்துச் செய்ய வேண்டும் என்றேன். பெயர் போடாமல் எழுதுகிறேன் என்றும் சொன்னேன். அவர் தலையசைத்து மறுத்தார்.

"பேர் இல்லாட்டில், செத்த ஆளுக்காக நீங்கள் கட்டின கதை எண்டு சொல்லுவினம். இவ்வளவு காலமும் அண்ணையைப் பற்றிச் சிரிக்கேக்கை நான் அந்த மேசையிலை இருந்து கேட்டுக்கொண்டு இருந்தனான் அக்கா. இனி என்னாலை ஏலாது. என்ரை பேரைப் போடுங்கோ."

நான் எழுதி முடிக்கும்வரைகூட அவர் காத்திருக்கவில்லை. போன கிழமை தானாகவே உரிமையாளரின் அறைக்குள் போய், கடிகாரத்தை மாற்றியது தான்தான் என்று சொல்லிவிட்டு வந்து எனக்குத் தொலைபேசி எடுத்தார். உரிமையாளர் என்ன சொன்னார் என்று கேட்டேன். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, நாளைக்கும் வழமைபோல் வேலைக்குப் போகப்போகிறேன் என்றார்.

மலர் அச்சுக்குப் போகிறது. போய் வாருங்கள், அண்ணை. நீங்கள் எவரிடமும் சொல்லாமல் வைத்திருந்த பெயரை, அதற்குரியவர் கேட்டுக்கொண்டபடி, உங்கள் பெயருக்குக் கீழே எழுதுகிறேன்.

இராசலிங்கம் சுகந்தினி.