இடுப்பளவு தண்ணீரில் றெஜினா

மண்ணெண்ணெய் இல்லாமல் குருநகர்ப் படகுகள் எல்லாம் கரையில் கிடந்த அந்த வருடம், பக்கத்து வீட்டு றெஜினாவுக்குப் பேத்தி பிறந்தாள். மருமகள் றொசாந்திக்குப் பால் சொட்டுச் சொட்டாய்த்தான் சுரந்தது. கடைகளிலும் பால்மா இல்லை. குழந்தை அழுது அழுது தொண்டை கட்டிப்போனது.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற, எங்கள் பக்கத்தில் சுறாவோ திருக்கையோ வறை வறுத்துக் கொடுப்போம். மகன் கிறிஸ்ரோபர் இரண்டு நாளாய் எண்ணெய் வரிசையில் நின்றான். றெஜினா அவன் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. செத்துப்போன புருசனின் வீச்சுவலையைத் தோளில் போட்டாள், விடிந்ததும் கடலில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். வயது அறுபத்திரண்டு.

கரையில் சும்மா இருந்த ஆண்களுக்கு நல்ல பம்பல், ஒரே சிரிப்பு.

"றெஜினாக்கா, வலை உங்களைத் தூக்கி வீசிப்போடும், கவனம்!" என்றான் ஜெறோம்.

"உன்ரை எஞ்சினைவிட என்ரை கால் நல்லா ஓடுது. வாயை மூடிக்கொண்டு இரடா."

முதல் இரண்டு நாளும் கைப்பிடி மணலை மீன்தான். அதை மகனுக்கும் மருமகளுக்கும் ஆக்கிப் போட்டாள். தனக்கு வெறும் தேத்தண்ணீர். கேட்டால், அந்தோனியாருக்கு ஒருசந்தி என்றாள். அந்தோனியாருக்குச் செவ்வாய்க்கிழமைதானே விரதம்? நான் விடவில்லை.

"உனக்குக் கிழமையில ஏழு நாளும் செவ்வாயோடி?"

"சத்தம் போடாதேங்கோ பெரியம்மா. உள்ளுக்கை அவளுக்குக் கேக்கும்."

கேட்டுவிட்டது.

மூன்றாம் நாள் சுளகளவில் ஒரு திருக்கை பட்டது. வால் முள்ளைத் தறித்ததில் கையெல்லாம் கீறல். அவித்து உதிர்த்து, மிளகும் உள்ளியும் தேங்காய்ப்பூவும் போட்டு வறுத்து மருமகளின் முன்னால் வைத்தாள். றொசாந்தி சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டாள்.

"நீங்கள் சாப்பிடாமல் நான் வாய் வைக்கமாட்டன் மாமி."

"விசர்க்கதை கதையாதை. பிள்ளைக்குப் பால் வேணும்."

"அப்ப நீங்களும் சாப்பிடுங்கோ."

இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு இருந்தார்கள். உள்ளே குழந்தை கத்தத் தொடங்கியது. கடலுக்குப் பயப்படாதவள் அந்தச் சத்தத்துக்குத் தோற்றாள். ஒரே கோப்பையில் இரண்டு பேரும் கை வைத்தார்கள்.

இரண்டு நாளில் பால் ஊறியது. தாய் மனம் ஆறி வயிறாறச் சாப்பிட்டதால்தான், திருக்கையால் அல்ல என்றாள் வீட்டுக்கு வந்த நேர்ஸ். படித்தவள், சொல்லட்டும். நான் திருக்கை என்றுதான் சொல்வேன். இதை எழுதுகிற பிள்ளை, அதை மாற்றி எழுத வேண்டாம்.

குழந்தை குடித்து நித்திரையானபோது, றெஜினா முற்றத்தில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கும் இறங்கப் போறியோ?"

"ஓம் பெரியம்மா. வறை முடிஞ்சுது."