புத்தகத்தில் இல்லாத நங்கூரம்

போன வாரம் இதே பக்கத்தில் ஒரு சினிமா டைரக்டரை வறுத்தெடுத்திருந்தேன். ஞாபகம் இருக்கிறதா? இல்லாமல் என்ன... ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து என் போன் அடங்கவே இல்லையே!

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் மகள் சுமையாவுக்குப் பத்து வயது. அவள் உயிரையே வைத்திருக்கிற ஒரு கதைப் புத்தகம் உண்டு. கடலுக்கடியில் ஒரு கோட்டை. அங்கே அடைபட்டுக் கிடக்கிற அப்பாவைத் தேடி, கடல்குதிரை மேல் ஏறிப் போகிறாள் ஒரு சிறுமி. அதைப் படமாக எடுத்திருக்கிறார்கள் என்றதும், தொண்டியிலிருந்து பஸ் பிடித்து ராமநாதபுரம் போய்ப் பார்த்தோம்.

கடைசிக் காட்சி. கோட்டைக் கதவு மூடப் போகிறது. சுமையா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "உம்மா, இப்பப் பாருங்க. அவ வாப்பா நங்கூரத்தத் தூக்கிக் கதவுக்கு நடுவுல குடுப்பாரு. ரெண்டு பேரும் தப்பிச்சு மேல வந்துருவாங்க!"

நங்கூரம் வரவே இல்லை. அந்த அப்பா தன் முதுகைக் கொடுத்துக் கதவைத் தாங்குகிறார். "நீ போம்மா" என்கிறார். பிள்ளை மட்டும் மேலே வருகிறது. கதவு மூடிக்கொள்கிறது. தியேட்டரில் லைட்டைப் போட்டுவிட்டார்கள்.

"பொய்யி! மாத்திட்டாய்ங்க!" என்று கத்தினாள் சுமையா. முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பஸ்ஸில் தேவிபட்டினம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை.

எனக்கு வந்ததே கோபம்! வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து எழுதினேன். பிள்ளைகள் நெஞ்சில் வைத்திருக்கிற காட்சியில் கை வைக்க இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? எழுத்தாளரை விட இவர்களுக்கு அதிகம் தெரியுமா? இப்படியே ஒரு பக்கம் முழுக்க... நன்றாகத்தான் வந்திருந்தது, அல்லாஹ் மன்னிக்கட்டும்.

பிறகுதான் அந்த போன்.

"அக்கா, தங்கச்சிமடத்துலேர்ந்து ஸ்டெல்லா பேசுறேன். டீச்சரா இருக்கேன். வாரா வாரம் ஒங்க பக்கத்த விடாமப் படிப்பேன்."

"சந்தோஷம்மா. சொல்லுங்க."

"தப்பா எடுத்துக்கக் கூடாது... அந்தப் புக்க நீங்க படிச்சிருக்கீங்களாக்கா?"

எனக்குச் சுருக்கென்றது.

"புக்குல நங்கூரமே கிடையாதேக்கா. படத்துல வர்றது அப்படியே புக்குல உள்ளதுதான். நான் கிளாஸ்ல அந்தக் கட்டத்த வாசிக்கிறப்ப மொத்தப் புள்ளைகளும் மூக்கச் சிந்திக்கிட்டு உக்காந்துருக்கும்."

அடுத்தடுத்து வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். கமுதியில் மிளகாய் விவசாயம் பார்க்கிற ஒருவர் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்தே அனுப்பிவிட்டார். கதவு இருந்தது. முதுகு இருந்தது. நங்கூரம் இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் புத்தகத்தை நான் படித்ததில்லை. நான் மட்டுமல்ல, சுமையாவும் படித்ததில்லை. காதால் கேட்டதுதான்.

என் கணவருக்கு சவூதியில், தம்மாமில் வேலை. போன தடவை லீவு முடிந்து கிளம்பும்போது, புதிதாக வாங்கிய அந்தப் புத்தகத்தை சுமையா அவர் பெட்டியில் வைத்தாள். நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்துக்கும் கைலிக்கும் நடுவில். வாப்பா வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஓர் அத்தியாயம் வாசித்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தம். ஒரு வாரம்கூட அவர் தவறவில்லை. இவள் போனைக் காதோடு வைத்துக் கேட்பாள். நான் அடுப்படியில் நின்றபடி பாதி கேட்பேன். அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் ஒரு டைரக்டருக்கு நியாயம் சொல்லியிருக்கிறேன்!

அவருக்கு போன் போட்டேன்.

"மச்சான், அந்தக் கதையில நங்கூரம் எங்கேருந்து வந்துச்சு?"

"எந்த நங்கூரம்?"

"கடைசி அத்தியாயத்துல. கதவுக்கு நடுவுல."

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன்.

"நான்தான் போட்டேன் புள்ள" என்றார். "எப்புடி வாசிக்கச் சொல்ற? 'நான் வரல, நீ போம்மா'ன்னு என் வாயால அவளுக்கு எப்புடிச் சொல்றது? மூணு வாட்டி ரெக்கார்டு பண்ணி மூணு வாட்டியும் அழிச்சேன். சின்னப் புள்ள, மனசு தாங்காதுல்ல..."

மனசு தாங்காது! இந்த வசனத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே? 'ஃபேமிலி ஆடியன்ஸ் தாங்க மாட்டாங்க' என்று ஒவ்வொரு பட விழா மேடையிலும் சொல்வார்களே, அதேதான். பத்துப் பன்னிரண்டு வருடமாக இந்தப் பக்கத்தில் அதைத்தான் கிண்டல் அடித்துக்கொண்டிருக்கிறேன். புத்தகத்தில் சாகிற குதிரையைப் படத்தில் பிழைக்க வைப்பார்கள், பேசாத பூனைக்குக் காமெடி வசனம் எழுதுவார்கள், கிழவி சூனியக்காரியை வயசுப் பெண்ணாக்கி ஒரு பாட்டும் வைப்பார்கள். எல்லாரையும் திட்டியாயிற்று. கடைசியில், எதையும் மாற்றாமல் எடுத்த ஒரே மனிதரைப் பிடித்து மாற்றிவிட்டார் என்று திட்டியிருக்கிறேன். டைரக்டர் சார், மன்னித்துக்கொள்ளுங்கள். மாற்றியது எங்கள் வீட்டுக்காரர்.

இத்தோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். முடியவில்லையே... அலுப்பாக இருக்கிறது எனக்கு.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வாப்பா ஊருக்கு வருகிறார் என்பது சுமையாவின் கணக்கு. கம்பெனியில் லீவு இல்லை என்று அவர் என்னிடம் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. "இப்ப அவகிட்டச் சொல்லாத புள்ள, பெருநாள் நெருக்கத்துல பாத்துக்கலாம்" என்றார் இவர். நானும் தலையாட்டினேன். "வாப்பா டிக்கெட் போட்டாச்சா?" என்று அவள் கேட்டால், "போட்டுருவாங்க, போட்டுருவாங்க" என்று சொல்லிக்கொண்டே பாத்திரத்தை உருட்டுவேன். அப்படியானால் நான் யார்? கதையை மாற்றுகிற கூட்டத்தில் நானும் ஒருத்திதான்.

இதற்கிடையில் ஸ்டெல்லா டீச்சர் சும்மா இருக்கவில்லை. பாப்பா நிஜப் புத்தகத்தைப் படிக்கட்டும் என்று, தன் பிரதியைப் பொட்டலம் கட்டி பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பிவிட்டார். புதன்கிழமை பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கினேன். வரும் வழியெல்லாம் அதை அரிசி டிரம்முக்குள் போட்டுவிடலாமா என்றுதான் யோசனை. அந்த நேரம் பார்த்து ஸ்கூல் விட்டு எதிரில் வந்துவிட்டாள். என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

நேராகக் கடைசி அத்தியாயம். நான் வெண்டைக்காய் நறுக்குவது போல உட்கார்ந்துகொண்டேன். படித்து முடித்தாள். அழவில்லை. திருப்பி ஒரு தடவை படித்தாள்.

"வாப்பா ஏன் மாத்துனாங்க?"

"நீ அழுவேன்னுதாம்மா."

"நான் அழுதா என்ன?"

இதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

என் போனை எடுத்தாள். மைக்கை அழுத்தினாள். "அஸ்ஸலாமு அலைக்கும் வாப்பா. கடைசியில ரெண்டு பக்கத்த நீங்க விட்டுட்டீங்க. நான் வாசிக்கிறேன், கேளுங்க."

வாசித்தாள். கதவு, முதுகு, எல்லாம். 'நீ போம்மா' என்ற இடத்தில் நான்தான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையைத் தேடினேன். அவள் நிறுத்தி நிதானமாக, ஒரு எழுத்து விடாமல் வாசித்து முடித்தாள். அப்புறமும் விரலை எடுக்கவில்லை.

"கதைய மாத்துனது பரவால்ல வாப்பா. நங்கூரம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பெருநாளைக்கு வருவீங்களா, மாட்டீங்களா? அத மட்டும் மாத்தாமச் சொல்லுங்க."

லீவு கிடைக்காததைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை, சத்தியமாக. பத்து வயதுப் பிள்ளைக்கு எல்லாவற்றையும் யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

நீல டிக் விழுந்தது. ரெக்கார்டு ஆகிறது என்று காட்டும், பிறகு நின்றுவிடும். மறுபடி காட்டும், நிற்கும். எத்தனை தடவை அழித்தாரோ... கடைசியில் வந்தது.

"வாலைக்கும் ஸலாம் தங்கம். லீவு கெடைக்கலம்மா. இந்தப் பெருநாளைக்கு வாப்பா வரல."

அவ்வளவுதான். நங்கூரம், கடல்குதிரை எதுவும் இல்லை. சுமையா போனைத் துடைத்து மேசை மேல் வைத்தாள்.

"சரி உம்மா. நான் உள்ள போயி கொஞ்ச நேரம் அழுதுட்டு வாரேன்."

"இரு, நானும் வாரேன்" என்றேன்.