ஓர்க்னித் தீவுகளில் அருளப்பு அண்ணையோடு

செவ்வாய்க்கிழமை காலை கடை வாசலில் கத்தரிக்காய்ப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது அருளப்பு அண்ணையின் மகள் ஜெனி தொலைபேசியில் அழைத்தாள். “மாமா, அப்பா விடிய எழும்பேல்லை” என்றாள். நான் நடைபாதையிலேயே பெட்டியொன்றின் மேல் உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தலைச்சுற்று என்று நினைத்து வாடிக்கைக்கார அம்மா ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் அவரை அறியாதவர்கள் குறைவு. முப்பது வருடம் கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கத்து உணவகம் ஒன்றின் சமையலறையில் நின்றவர். ஞாயிறு பூசை முடிந்ததும் என் கடைக்கு வந்து முருங்கைக்காயை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்து வாங்குவார். அவர் பாய்ப்படகு ஓட்டுவார் என்றால் பலர் நம்பமாட்டார்கள். நம்பியவர்களோ மன்னார் ஆள், கடல் பழக்கம் என்று சொல்வார்கள். அதைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு. “என்ரை அப்பா தபால்காரர். ஊரிலை இருந்தப்ப எனக்கு நீந்தவே தெரியாது” என்பார். ஐம்பத்திரண்டு வயதில் நாட்டின் மேற்கே பிரெத்தாஞ் கடற்கரைக்குப் போய், பத்து வயதுப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் இருந்து நீச்சலும் பாயும் பழகினார்.

மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் கடைக்கு வந்து, ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னித் தீவுகளில் ஒரு பாய்ப்படகு வாடகைக்குப் பேசியிருப்பதாகச் சொன்னார். “எட்டு நாள். ஆள் ஒண்டு குறையுது. எல்லாரும் மாட்டன் எண்டிட்டாங்கள், அதாலை உன்னட்டை வந்தனான்.” நானும் மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல முடியாமல் ஒரு விஷயம் தடுத்தது.

இன்று நான் வைத்திருக்கும் கடையை முதலில் பேசி வைத்தவர் அவர். சமையலறையை விட்டுச் சொந்தக் கடை போடுவது அவருடைய ஆசை. சனிக்கிழமை கையெழுத்து வைக்க இருந்தார். விஷயம் என் காதில் விழுந்ததும் வியாழக்கிழமையே உரிமையாளரிடம் போய் நான் கையெழுத்து வைத்துவிட்டேன். அவரிடமோ, யாரோ முந்திவிட்டான், அவனிடமிருந்துதான் நான் எடுத்தேன் என்று கதை சொன்னேன். பதினொரு வருடம் அந்தப் பொய் எங்களுக்கு நடுவில் இருந்தது. அதைச் சொல்லி முடிக்க எட்டு நாள் போதும் என்று கணக்குப் போட்டுத்தான் புறப்பட்டேன்.

கடைக்காரன் புத்தி, பத்துக் கிலோ அரிசியும் இடியப்ப மாவும் கருவாடும் கட்டிக்கொண்டு போனேன். படகின் அலுமாரிகளைத் திறந்து பார்த்தார் அண்ணை. “தம்பி, இது படகு. உன்ரை கடைக்குக் கிளை இல்லை” என்றார். அன்று மத்தியானம் உள்ளே கருவாடு பொரித்தேன். பக்கத்துப் படகிலிருந்து நோர்வேக் கணவனும் மனைவியும் தீயணைக்கும் கருவியோடு ஓடி வந்தார்கள். விளக்கம் சொல்லி உட்கார வைத்தோம். இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

முதல் இரண்டு நாளும் காற்று கடுமை. துறையை விட்டு நகர முடியவில்லை. காசு கட்டிய படகு சும்மா நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

“கொஞ்சத் தூரமெண்டாலும் போவமே அண்ணை.”

“காற்றோடை பேரம் பேசேலாது. அதுக்கு உன்னைத் தெரியாது.”

அந்த நேரத்தில் ஐயாயிரம் வருடப் பழைய கல்வீடுகளைப் பார்க்கக் கூட்டிப்போனார். ஒவ்வொரு வீட்டிலும் வாசலுக்கு நேரெதிரே கல்லாலான தட்டு அடுக்கு. உள்ளே வருபவன் கண்ணில் முதலில் படுவது அதுதான். நான் ரசித்துப் பார்ப்பதைக் கண்டுவிட்டு, “அந்தக் காலத்திலையும் உன்னை மாதிரி ஒரு கடைக்காரன் இருந்திருக்கிறான்” என்றார்.

மூன்றாம் நாள் காற்று இறங்கியது. தீவுகள் சுற்றி நிற்கும் அந்தப் பெரிய நீர்ப்பரப்பில் பாய் விரித்தோம். படகு ஒரு பக்கம் சாய்ந்து ஓட, சுக்கானை என் கையில் தந்தார். “முன்னுக்குப் பாராதை. தூரத்து மலையைப் பார், படகு தானா நேராப் போகும்.” மலையைப் பார்த்தபடியே, அவர் முகத்தைப் பாராமல், கடை விஷயம் முழுவதையும் சொன்னேன்.

“தெரியும். கடைச் சொந்தக்காரன் அண்டைக்கே சொன்னவன்.”

“தெரிஞ்சுகொண்டோ என்ரை கடைக்கு வந்தனீங்கள்?”

“ஒரு வருசம் அந்தப் பக்கமே வரேல்லை. மனம் எரிஞ்சது, உண்மைதான். பிறகு யோசிச்சன், வேறை ஆரட்டையும் நல்ல முருங்கைக்காய் இல்லை.” சிரித்தார். பிறகு பாயை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “கடைக்கெண்டு சேர்த்த காசிலைதான் இதைப் பழகினனான். கடை கிடைச்சிருந்தா இப்ப நான் கல்லாவுக்குப் பின்னாலை நிண்டிருப்பன். நீ பாவமடா, அங்கை நிக்கிறாய்.”

கோபத்துக்குத்தான் என்னை ஆயத்தப்படுத்தியிருந்தேன். அவர் எனக்காக இரங்கியபோது எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சுக்கான் பிசகி, பாய் படபடவென்று அடித்து, இரண்டு பேரும் நனைந்தோம்.

அன்று பின்னேரம், உலகப் போரில் பிடிபட்ட இத்தாலியக் கைதிகள் தகரக் கொட்டகைக்குள் கட்டிய தேவாலயத்துக்குப் போனோம். உள்ளே செங்கல்லும் செதுக்கலுமாகத் தெரிந்ததெல்லாம் தட்டையான சுவரில் தீட்டிய படம். விளக்குகள் இறைச்சி டின்னில் வெட்டியவை. அண்ணை கனநேரம் முழந்தாளில் இருந்தார். வெளியே வந்து, “மறியலிலை இருந்தவங்கள் இவ்வளவு செய்திருக்கிறாங்கள். நான் ஒரு கடை போச்செண்டு ஒரு வருசம் படுத்துக் கிடந்தன்” என்றார்.

நேற்று அடக்கம் முடிந்து வந்ததும் ஜெனி ஒரு கடிதத்தைக் காட்டினாள். அந்த முதல் தரத்துக்குப் பிறகு வருடா வருடம் போனதுபோல, வருகிற ஜூன் மாதத்துக்கும் அண்ணை ஓர்க்னியில் படகு பதிவு செய்திருக்கிறார், இரண்டு பேருக்கு. இரண்டாவது பெயர் என்னுடையது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“வேண்டாமெண்டு எழுதிவிடட்டோ மாமா?”

“ஏன்? நீயும் அப்பாவோடை படகு ஓட்டுற பத்திரம் எடுத்தனியெல்லோ, நீ வா.”

“உங்களோடையோ? கருவாடு இல்லாமலெண்டா வாறன்.”

நான் அவரிடமிருந்து தந்திரமாக எடுத்தது ஒரு கடை. அவராகவே எனக்குத் தந்தது வருடத்தில் எட்டு நாள். கடையை நாளைக்கு என் பிள்ளைகள் விற்கட்டும், வைத்திருக்கட்டும், அது அவர்கள் பாடு. இந்த எட்டு நாளை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.